சீவாளியும் சின்தசைசரும்

மதுரையையும் அதைச் சூழ்ந்த சமவெளி ஊர்களையும் பொறுத்தவரை, காலையில் சாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரமும் தவிலும் முழங்குவதும், அதே திருவிழாவின் இரவு மேடையில் கீபோர்டும் ஆக்டோபேட் என்னும் மின்னணுத் தாளக் கருவியும் வைத்து இன்னிசைக் கச்சேரி நடப்பதும் ஒரே ஊர்க்காரர்கள் ஒரே நாளில் கேட்கும் இரண்டு இசைகளாகும். இவ்விரண்டையும் ஒரே மேடையில் ஒரே பாட்டுக்குள் இணைக்க முயலும் குழுக்கள் பெருகிவிட்ட இக்காலத்தில், அந்த இணைப்பு எங்கே இயல்பாகப் பொருந்துகிறது, எங்கே உறுத்துகிறது என்பது இசையறிவு அதிகம் இல்லாத ரசிகரும் உணரக்கூடியதே ஆயினும், அதன் காரணத்தை அறிய இரு தரப்புக் கருவிகளின் இயல்பையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

மின்னணு இசை என்பது, கருவியில் பிறந்த ஒலியை மைக் வைத்துப் பெருக்குவது அன்று. நரம்போ தோலோ காற்றோ அதிராமல், ஒலியலையை மின்சுற்றே ஆக்கித் தருவதும், முன்பே பதிவுசெய்த ஒலித்துணுக்குகளை விசையை அழுத்தியதும் எழுப்புவதும், தாளத்தைக் கணினியின் கணக்குப்படி பிசகாமல் ஓட்டுவதும் மின்னணு இசையின் பணிகள். இந்தப் பொருளில் பார்த்தால், மரபிசை மேடைக்குள் முதலில் நுழைந்த மின்னணுக் கருவி கீபோர்டு அன்று, சுருதிப் பெட்டியே ஆகும். நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் அமர்ந்து, சுரம் மாற்றும் துளைகள் இல்லாத நீண்ட குழலில் ஆதார சுருதியை இடைவிடாது ஊதிவந்த ஒத்துக்காரரின் இடத்தையும், தம்புராவின் இடத்தையும், 1970களின் இறுதியில் பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் உருவாக்கிய மின்னணுத் தம்புராவும் அதன் வழிவந்த பெட்டிகளும் பெருமளவு எடுத்துக்கொண்டன. மின்னணு இசை மரபைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுவோர் பலரின் கச்சேரிகளிலும் அப்பெட்டி ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒத்து ஊதியவர்களின் பிழைப்பு அதனால் மறைந்தது என்பதும் மறக்கத்தக்கதன்று.

வெளியிலிருந்து வந்த ஒலியை மதுரை ஏற்றுப் பழகிய வரலாறு இதனினும் நீண்டது. 1918இல் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் இந்நகரில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்னும் நாடகக் குழுவைத் தொடங்கி நடத்திய காலத்திலேயே, ஐரோப்பாவில் பிறந்த ஹார்மோனியம் தமிழ் நாடக மேடையின் உயிர்நாடியாகிவிட்டிருந்தது. சுரங்களை இழைத்து ஒலிக்க அதனால் இயலாது என்று கூறி அகில இந்திய வானொலி 1940 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அக்கருவியை விலக்கி வைத்தபோதும், நாடக மேடை அதைக் கைவிடவில்லை. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அமைத்த 'இங்கிலீஷ் நோட்டு' என்னும் மேல்நாட்டுச் சாயல் கொண்ட மெட்டைக் கச்சேரிதோறும் ரசிகர்கள் விரும்பிக் கேட்கும்படி செய்தவர், அவருடைய மாணவரான மதுரை மணி ஐயர் (1912–1968). அவர் மறைந்த 1968ஆம் ஆண்டில்தான், மதுரைச் சகோதரர்களான எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி ஆகியோரின் நாதஸ்வரம் 'தில்லானா மோகனாம்பாள்' திரைப்படத்தின் வழியே தமிழ்நாடு முழுவதும் ஒலித்தது.

இந்த இணைப்பில் கணினி நுழைந்த காலத்தைத் தேடினால் 1986ஆம் ஆண்டில் வந்து நிற்க வேண்டியுள்ளது. அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜா, 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' ஆகிய இரு படங்களிலும் கணினி இசையை அவ்வாண்டில் கையாண்டார், பின்னர் ஏ.ஆர். ரஹ்மான் என அறியப்பட்ட இளைஞர் திலீப் அப்போது அவருடைய குழுவில் கீபோர்டு வாசித்துவந்தார். அதே ஆண்டில், தியாகராஜருக்கும் ஜெர்மானிய மேதை பாஹுக்கும் காணிக்கையாக இளையராஜா வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' என்னும் தனி இசைத்தொகுப்பில் வி.எஸ். நரசிம்மனின் வயலின் முன்னின்றது. திரைக்கு இயந்திரத்தின் துல்லியமும் தனித்தொகுப்புக்கு மனித விரலின் நெகிழ்வும் என்று ஒரே கலைஞர் ஓராண்டுக்குள் இரு துருவங்களையும் தொட்டதை, இவ்வகை இசையில் ஈடுபடும் இளைஞர் ஒவ்வொருவரும் பாடமாகக் கொள்ளலாம். எட்டு ஆண்டுகளுக்குப் பின் 'டூயட்' படத்தில் ரஹ்மான் தம் மின்னணுப் பின்னணியின் நடுவே கத்ரி கோபால்நாத்தின் சாக்சபோனை நிறுத்தியபோது, அக்கருவி கர்நாடக இசையின் அசைவுகளைத் தாராளமாக இசைக்க இடம் கிடைத்தது.

உறுத்தல் எங்கே பிறக்கிறது என்பதற்கு வருவோம். கீபோர்டு ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாக வெட்டி வைத்திருக்கிறது. ஒவ்வொரு பங்கையும் நூறு 'சென்ட்' என்று அளப்பது வழக்கம். அதன்படி அந்தர காந்தாரம் என்னும் சுரம் அடிப்படைச் சுரமான சட்ஜமத்திலிருந்து 400 சென்டில் நிற்க, தம்புராவின் நாதத்தோடு இயற்கையாக இழையும் காந்தாரமோ ஏறத்தாழ 386 சென்டில் அமைகிறது. இந்தப் பதினான்கு சென்ட் இடைவெளியைப் பாமரச் செவியும் ஏதோ ஒரு கசப்பாக உணரும். இதைவிடப் பெரிய சிக்கல் கமகம், அதாவது ஒரு சுரத்தை அசைத்தும் வழுக்கியும் அடுத்த சுரத்தின் நிழல் படும்படி ஒலிப்பது. நாதஸ்வரக்காரர் துளையை விரலால் பாதி மூடியும், சீவாளி எனப்படும் நாணல் ஊதுமுனையை உதட்டால் இறுக்கியும் தளர்த்தியும், மூச்சின் விசையை மாற்றியும் இதைச் செய்கிறார். கீபோர்டில் இதற்கென இருப்பது ஒரு சிறு சக்கரம். 1983இல் மின்னணுக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள வகுக்கப்பட்ட 'மிடி' என்னும் பொதுமொழியின்படி, அச்சக்கரத்தைத் திருப்பினால் ஒரு தடத்தில் ஒலிக்கும் சுரங்கள் எல்லாமே சேர்ந்து வளைகின்றன; ஒன்றை மட்டும் அசைத்து மற்றதை நிறுத்திவைக்க வழியில்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தடம் தரும் விரிவாக்கம் 2018இல்தான் அம்மொழியின் அதிகாரபூர்வப் பகுதியாயிற்று. கண்ணாடித் திரையில் விரலை வழுக்கியே கமகத்தோடு கர்நாடக இசை வாசிக்கும் மகேஷ் ராகவன் போன்றோரின் கலை, கருவிகள் இத்திசையில் நகர்ந்ததன் பயனே.

மின்சாரம் தன்னளவில் கமகத்துக்குப் பகை அன்று என்பதை மாண்டலின் கலைஞர் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) முன்பே காட்டியிருந்தார். மீட்டியவுடன் ஒலி தேய்ந்துபோகும் மாண்டலினை, அவர் ஐந்து தனித் தந்திகள் கொண்ட மின்கருவியாக மாற்றியதால் நாதம் நீண்டு நின்றது, நீண்ட நாதத்தின் மேல் விரலிழைத்துக் கமகம் பிறந்தது. அங்கே மின்சாரம் ராகத்துக்கு ஏவல் செய்தது. பல குழுக்களில் இன்று ராகம் இயந்திரத்துக்கு ஏவல் செய்கிறது.

தாளத்திலும் இதே நிலைதான். வித்துவான்கள் காலப்பிரமாணம் என்று போற்றுவது எடுத்த வேகத்தைப் பிசகாமல் காக்கும் திறனையே ஆயினும், அது மனிதர்கள் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக் காப்பது. காதுக்குள் 'கிளிக்' என்னும் இயந்திரத் தாள ஒலி ஓட அதற்கேற்ப வாசிக்கும் தவில்காரருக்குச் சக வித்துவானைக் கேட்பதைவிட இயந்திரத்தைக் கேட்பதே முதல் வேலையாகிவிடுகிறது. தாளமே இல்லாத ஆலாபனைக்கு அடியில் தாள ஓட்டத்தைப் பரப்புவது அதைவிடக் கேடு. அவ்விடத்தில் மின்னணுக் கருவி சுருதியை மட்டும் விரித்துக்கொண்டு அடங்கியிருப்பதே அழகு.

ஆகவே யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது என்பதே இவ்விசையின் மையக் கேள்வி, அதற்கான விடையைக் கருவிகளின் அமைப்பே தருகிறது. ஆச்சா மரத்தில் கடைந்த நாதஸ்வரத்தின் சுருதி அதன் நீளத்தாலும் துளைகளாலும் பெரும்பாலும் முடிவாகிவிட்ட ஒன்று. சீவாளியை மாற்றியும் சரிசெய்தும் சிறிதளவே நகர்த்தலாம். அதனுள் மூச்சு பாய்ந்து குழல் வெதுவெதுப்பாக ஆக, சுருதி சற்று மேலேறவும் செய்யும். கீபோர்டிலோ மொத்தச் சுருதியையும் நுணுக்கமாக ஏற்றி இறக்கும் வசதி உண்டு. பல கருவிகளில் காந்தாரத்தை மட்டும் தனியே தாழ்த்திக்கொள்ளவும் முடியும். மேடை ஏறுமுன் நாதஸ்வரக்காரரைச் சிறிது நேரம் ஊதவிட்டு, குழல் சூடேறிச் சுருதி நிலைத்த பின், அவர் பிடிக்கும் சட்ஜமத்தைக் கேட்டுக் கீபோர்டுக்காரர் தம் கருவியைத் திருத்திக்கொள்வதற்கு ஐந்து நிமிடம் போதும்.