நன்றி சொல்லும் பந்தியில் துயருக்கும் ஓர் இடம்

ஐக்கிய அமெரிக்காவில் வருடந்தோறும் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை 'நன்றி தெரிவிக்கும் நாள்' ஆகும். எங்கள் தைப்பொங்கலைப் போல விளைச்சலுக்கு நன்றி சொல்லும் வழக்கத்திலிருந்து வந்த நாள் இது. எந்த ஊரில் இருந்தாலும் அன்றைக்குப் பெற்றோர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று அங்குள்ளவர்கள் நினைப்பார்கள். முழு வான்கோழியை வாட்டி, உருளைக்கிழங்கு மசித்து, பூசணிக்காயில் இனிப்புச் செய்து குடும்பமாக இருந்து உண்பார்கள்.

வீட்டுக்குப் போக முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? 2017 ஆம் ஆண்டு சமூகப் பணி தொடர்பான குறுகிய காலக் கற்கைநெறி ஒன்றுக்காக நான் பொஸ்ரன் நகருக்கு அருகே தங்கியிருந்தபோது இந்தக் கேள்வி எனக்கும் வந்தது. விடுதியில் இருந்தவர்கள் புதன்கிழமையே பெட்டிகளுடன் புறப்பட்டுவிட்டார்கள். மிஞ்சியவர்கள் ஆறு பேர். சிரியப் பெண் ஒருத்தி, கொலம்பியப் பெண் ஒருத்தி, நேபாளத்தவர் இருவர், அலாஸ்காவில் வீடு உள்ள அமெரிக்க மாணவி, நான்.

சேர்ந்து சமைப்பது என்று முடிவு செய்தோம். உறைந்த வான்கோழி இளகுவதற்கே சில நாட்கள் வேண்டுமாம். ஆகவே கோழி வாங்கினோம். சிரியப் பெண் பருப்பு சூப் வைத்தாள். நேபாளப் பெண்கள் மோமோ அவித்தார்கள். கொலம்பியப் பெண் சோளமாவில் ரொட்டி சுட்டாள். ஒரு பூசணிக்காயின் பாதி அமெரிக்க மாணவியின் இனிப்புக்குப் போனது. மறு பாதியை நான் தேங்காய்ப்பால் விட்டுக் கறியாக்கினேன்.

உண்ணுமுன் ஒவ்வொருவரும் தாம் நன்றி சொல்ல விரும்பும் ஒன்றைச் சொல்வது அங்கு பல வீடுகளில் உள்ள வழக்கம். சிரியப் பெண்ணின் முறை வந்தது. அலெப்போவில் வீட்டையும் தமையனையும் இழந்தவள் அவள். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் நன்றி சொன்னால், நடந்ததெல்லாம் சரி என்று ஒப்புக்கொண்டதாகாதா?" என்று கேட்டாள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவளுடைய தட்டில் சோற்றை வைத்து, பக்கத்தில் இருந்தோம்.

அந்தக் கேள்வி எனக்குப் புதியதல்ல. 2009 இல் செட்டிகுளம் முகாமில் இருந்தபோது, "உயிரோட வந்திட்டியள்தானே, அதுக்கு நன்றி சொல்லுங்கோ" என்று எங்களுக்கும் சொன்னார்கள். அந்தச் சொல் ஆறுதலாக இருக்கவில்லை. வாயை மூடச் சொன்னது போலவே இருந்தது. அதனால்தான் இந்த நாளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1620 இல் 'மேபிளவர்' கப்பலில் இங்கிலாந்திலிருந்து 102 பயணிகள் வந்தார்கள். முதற் குளிர்காலத்திலேயே ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்தார்கள். 1621 இல் விளைச்சலுக்குப் பின் பிளிமத் என்னும் இடத்தில் மூன்று நாள் விருந்து நடந்தது. உயிர் மிஞ்சிய ஐம்பது பேரளவிலானோரும், அந்த மண்ணின் வம்பனோக் இனத்து ஆண்கள் தொண்ணூறு பேரும் சேர்ந்து உண்டார்கள். வம்பனோக் மக்கள் ஐந்து மான்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வந்தவர்களில் அப்போது உயிரோடிருந்த வளர்ந்த பெண்கள் நான்கு பேர்தான் என்று வரலாற்றில் குறிப்பிடப்படுகிறது. அத்தனை பேருக்கும் சமைக்கும் பாரத்தில் எவ்வளவு அவர்கள் தோளில் விழுந்திருக்கும் என்று பெண்களாகிய நாம் ஊகிக்கலாம்.

இதைத் தேசிய நாளாக்கப் பாடுபட்டவரும் ஒரு பெண்தான். சாரா ஜோசெபா ஹேல் 1822 இல் கணவனை இழந்தார். ஐந்தாவது பிள்ளை அதன்பின்னரே பிறந்தது. எழுத்தைத் தொழிலாக்கிக்கொண்டு பிள்ளைகளை வளர்த்த அவர், பின்னர் பெண்கள் சஞ்சிகை ஒன்றின் ஆசிரியராகப் பல ஆண்டுகள் இருந்தார். அதில் எழுதியும், ஆளுநர்களுக்கும் ஜனாதிபதிகளுக்கும் கடிதங்கள் அனுப்பியும் பதினேழு ஆண்டுகள் கேட்டார். 1863 இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, ஜனாதிபதி லிங்கன் நன்றி நாளை அறிவித்தார். அந்த அறிவிப்பு, போரினால் விதவைகளானோரையும் அநாதைகளையும் துயருறுவோரையும் மறவாமல் இறைவனிடம் ஒப்படைக்கும்படி மக்களைக் கேட்டது.

இந்த நாளுக்கு மறுபக்கமும் உண்டு. மான் கொடுத்த வம்பனோக் மக்கள் பின்னர் நிலத்தை இழந்தார்கள். 1675 இல் மூண்ட போரில் பலர் கொல்லப்பட்டார்கள், பலர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். 1970 முதல் பூர்வீகக் குடிகள் அதே நாளில் பிளிமத்தில் கூடித் துக்கநாள் அனுட்டிக்கிறார்கள். பலர் அன்று நோன்பிருப்பார்கள்.

இவற்றைப் படித்த பின் எனக்கு ஒன்று தெளிவானது. நன்றி சொல்வது நடந்த அநியாயத்துக்கல்ல. ஓடும்போது தண்ணீர் தந்தவளுக்கு, முகாமில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவளுக்கு, கறியில் பாதி தந்த பக்கத்துக் கூடாரத்தாளுக்கு நன்றி சொல்கிறோம். அதைச் சொல்வதற்காக நீதி கேட்பதை விட்டுவிட வேண்டியதில்லை. காணாமல் போனவரைத் தேடுவதை நிறுத்த வேண்டியதுமில்லை.

இன்னொன்றும் உறைத்தது. அங்கு ஒரு நாட்டின் பண்டிகைக்காக ஒரு விதவை முன்னின்றாள். எங்கள் கிராமங்களிலோ கணவனை இழந்தவள் தன் முற்றத்துப் பொங்கல் பானைக்கு முன்னால் நிற்கத் தயங்குகிறாள். பானை வைப்பதற்கு அண்ணனையோ மாமாவையோ எதிர்பார்த்து நிற்கும் பல சகோதரிகளை என் வேலையில் சந்திக்கிறேன். வயலைக் கொத்தியவளும் நெல்லைச் சுமந்தவளும் அவளே. சூரியனுக்கு நன்றி சொல்ல அவளைவிட உரிமையுள்ளவர் யார்?

அன்புச் சகோதரிகளே, வருகிற தையில் ஒன்று செய்து பார்ப்போம். மீள்குடியேறிய ஊரிலோ, இன்னும் வாடகை வீட்டிலோ, எங்கிருந்தாலும் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பானை வைப்போம். அரிசி ஒருத்தி, பயறு ஒருத்தி, சர்க்கரை ஒருத்தி, விறகு ஒருத்தி என்றால் செலவும் ஒருத்தி தலையில் விழாது. கணவனை இழந்தவள் தன் கையாலேயே அரிசி போடட்டும். "இந்த வருசம் எனக்குப் பொங்க மனமில்லை" என்று ஒருத்தி சொன்னால் அவளை வற்புறுத்த வேண்டாம். துக்க வீட்டுக்கு அயலார் பொங்கல் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் பழைய வழக்கம்தானே. அவளுக்கும் ஒரு கிண்ணத்தில் எடுத்துப் போவோம். கொடுத்துவிட்டு உடனே திரும்பாமல், அவள் வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவோம்.