வலிக்காத கட்டி



காலில் முள் குத்தினால் உடனே உட்கார்ந்து எடுத்துவிடுகிறோம். பல்வலி வந்தால், விடிந்ததும் டாக்டரிடம் ஓடுகிறோம். வலி நம்மை விரட்டுகிறது. ஆனால், பெரும்பாலும் தொடக்கத்தில் வலிக்காமலே வளரும் நோய் ஒன்று உண்டு. அதுதான் மார்பகப் புற்றுநோய். மலேசியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான்.

நம் உடம்பு கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. பழையவை அழிய, புதியவை அளவோடு தோன்றும். சில வேளை ஓர் உயிரணு கட்டுப்பாட்டை மீறி ஓயாமல் பெருகுகிறது. மார்பகத்தில் அப்படி நேர்ந்தால் அங்கே கட்டி உண்டாகிறது. கவனிக்காமல் விட்டால் அக்குளுக்கும், பிறகு எலும்பு, நுரையீரல், ஈரல் ஆகியவற்றுக்கும் பரவக்கூடும். இது தொற்றுநோய் அன்று. யாருடைய சாபமும் அன்று. பிள்ளைக்குப் பால் கொடுத்ததால் வருவதும் அன்று.

2018ஆம் ஆண்டு நம் சுகாதார அமைச்சு ஒரு கணக்கை வெளியிட்டது. 2007 முதல் 2011 வரை இந்நோய் கண்டவர்களைப் பற்றியது அது. முதல் கட்டத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 100க்கு ஏறக்குறைய 87 பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்ந்தனர். நான்காம் கட்டத்தில் வந்தவர்களிலோ ஏறக்குறைய 23 பேர்தான். நோய் ஒன்றே; வந்து சேர்ந்த காலம்தான் வேறு.

ஆகவே, மாதம் ஒருமுறை உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள். மாதவிலக்கு முடிந்த சில நாட்களில் பார்ப்பது நல்லது. மாதவிலக்கு அடியோடு நின்றுவிட்டவர்கள் சம்பள நாளை நினைவில் வைத்துக்கொள்ளலாம். குளிக்கும்போது, சோப்பு நுரையோடு, மூன்று விரல்களைத் தட்டையாக வைத்து, மார்பு முழுவதும் அக்குள் வரை வட்டமாகத் தடவுங்கள். பிறகு கண்ணாடி முன் நின்று பாருங்கள். புதிய கட்டி, தோலில் குழி, ஆரஞ்சுத் தோல்போன்ற தடிப்பு, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து இரத்தம் கசிவது, இவற்றில் எது தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். பக்கத்து லயத்து அக்கா அல்ல.

"ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் போகுமே!" என்பீர்கள். உண்மைதான். ஆனால், இன்று போவது ஒருநாள் சம்பளம். தள்ளிப்போட்டால் போவது பிள்ளைகளின் தாய். அரசாங்க சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். வெட்கமாக இருந்தால், பெண் டாக்டரோ பெண் தாதியோ வேண்டுமென்று தயங்காமல் கேளுங்கள். ஊசியால் குத்திச் சோதித்தால் நோய் பரவிவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள். கட்டி சிறிதாக இருக்கும்போதே போனால், பலருக்கு மார்பகம் முழுவதையும் அகற்ற வேண்டியதும் இல்லை.

ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், கட்டி இல்லாவிட்டாலும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் என்னும் படம் எடுப்பதுபற்றி டாக்டரிடம் கேளுங்கள். தாய்க்கோ அக்கா தங்கைக்கோ இந்நோய் வந்திருந்தால், அதையும் சொல்லுங்கள்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவி தயங்கி நின்றால், "நானும் வருகிறேன், வா" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லே பாதி மருந்து.

வலிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வலிக்காதபோதே போங்கள்.