படைவீரரின் அஸ்திக் கலசம்: விலை, கொள்ளளவு, உரிமை

அமெரிக்காவில் 1960இல் இறந்தவர்களில் 3.6 சதவீதத்தினர் மட்டுமே தகனம் செய்யப்பட்டனர். 2016இல் அந்த விகிதம் 50 சதவீதத்தைத் தாண்டியது. 2023இல் சுமார் 60.5 சதவீதம். ஆகவே, முன்னாள் படைவீரர் ஒருவரை இழந்த வீட்டில் இன்று எழும் முதல் கேள்விகளில் ஒன்று, சாம்பலை எதில் வைப்பது என்பது.

விலை இதில் சிறிய பகுதி. தேசிய இறுதிச்சடங்கு இயக்குநர்கள் சங்கத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்கில், உடலைப் பார்வைக்கு வைத்துத் தகனம் செய்யும் சடங்கின் இடைநிலைச் செலவு 6,971 டாலர். அதில் கலசம் 295 டாலர், அதாவது 4.2 சதவீதம். தகனத்துக்கான சவப்பெட்டி மட்டும் 1,310 டாலர், கலசத்தைப்போல் 4.4 மடங்கு. கலசத்தை வெளியில் வாங்கி வந்தாலும் சடங்கு நிறுவனம் மறுக்கவோ, அதற்கெனத் தனிக் கட்டணம் கேட்கவோ கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் விதி இடம் தருவதில்லை.

கொள்ளளவில்தான் பிசகு நேர்கிறது. உடல் எடையில் 1 பவுண்டுக்கு 1 கன அங்குலம் என்பது இத்தொழிலின் வாய்ப்பாடு. பெரியவர்களுக்கான வழக்கமான கலசம் 200 கன அங்குலம் (3,277 மி.லி.) கொள்ளும். 185 பவுண்டு (84 கிலோ) எடையுள்ளவருக்கு அது போதும். 220 பவுண்டு (100 கிலோ) எடையுள்ளவருக்கு 20 கன அங்குலம், அதாவது 328 மி.லி. இடம் குறைகிறது. மூன்று பிள்ளைகள் ஆளுக்கு 5 கன அங்குலச் சிறு கலசத்தில் எடுத்துக்கொண்டாலும் 205 கன அங்குலம் மிஞ்சும். அப்போதும் 5 கன அங்குலம் அடங்காது.

மரப்பெட்டிகளில் இன்னொரு கணக்கும் உண்டு. வெளி அளவு 9 × 7 × 6 அங்குலம் என்றால் பெருக்கி வருவது 378 கன அங்குலம். பலகையின் கனம் எல்லாப் பக்கமும் முக்கால் அங்குலம் என்றால் உள் அளவு 7.5 × 5.5 × 4.5 அங்குலம், கொள்வது 186 கன அங்குலம், வெளிக் கணக்கில் 49 சதவீதம். படைப்பிரிவின் சின்னம் பொறித்த அழகான பெட்டியின் வெளி அளவை மட்டும் பார்த்துப் பணம் கட்டுவது தவறாகிவிடும்.

மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய தொகை 0 டாலர். 2021 ஜனவரி 5இல் கையெழுத்தான சட்டம், தகனமான படைவீரருக்கு அரசே கலசமோ நினைவுத் தகடோ இலவசமாக வழங்க வழி செய்தது. 1917 ஏப்ரல் 6 அன்றோ அதற்குப் பிறகோ பணியாற்றி, 2021 ஜனவரி 5 அன்றோ அதற்குப் பிறகோ இறந்து, சாம்பல் எங்கும் அடக்கம் செய்யப்படாதவர்களுக்கு இது பொருந்தும். ஆனால் இதைப் பெற்றுக்கொண்டால், அந்த வீரரைப் பின்னர் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்ய முடியாது. அரசு தரும் நினைவுக்கல்லும் கிடையாது.

விட்டுக்கொடுப்பது எவ்வளவு? தேசியக் கல்லறையில் தகுதியுள்ள வீரருக்கு இடம், குழி தோண்டி மூடும் வேலை, கல், காலமெல்லாம் பராமரிப்பு ஆகியவற்றுக்குக் குடும்பம் தருவதும் 0 டாலர்தான். நிமிர்ந்து நிற்கும் பளிங்குக்கல் 42 அங்குல நீளம், 13 அங்குல அகலம், 4 அங்குலக் கனம். எடை சுமார் 230 பவுண்டு (104 கிலோ). சாம்பல் மாடத்துக்கான வெண்கலத் தகடு 8.5 × 5.5 அங்குலம், 3 பவுண்டு (1.4 கிலோ). கணவரின் அல்லது மனைவியின் சாம்பலுக்கும் அங்கே இடமுண்டு. சந்தையில் 295 டாலருக்குக் கிடைக்கும் ஒரு பொருளுக்காக இவ்வளவையும் விடுவது, சாம்பலை வீட்டிலேயே வைப்பது அல்லது தூவிவிடுவது என்று உறுதியாக முடிவெடுத்த குடும்பத்துக்கு மட்டுமே ஏற்றது. துக்கத்தின் முதல் வாரத்தில் அந்த விண்ணப்பத்தை நிரப்ப வேண்டாம் என்பதே என் கருத்து.

ரொக்க உதவியும் கணக்கில் சேரும். பணி தொடர்பில்லாத மரணத்துக்கான அடக்க உதவி, அரசு மருத்துவமனைக்கு வெளியே இறந்தவர்களுக்கு 300 டாலராக இருந்து, 2023 ஜனவரி 5 முதல் 893 டாலரானது. அதே ஆண்டு அக்டோபரில் 948. 2024 அக்டோபரில் 978 டாலர். தகுதி எல்லோருக்கும் இல்லை. ஓய்வூதியமோ ஊனமுற்றோர் ஈட்டுத்தொகையோ பெற்றுவந்தவர்கள் போன்றோருக்கே கிடைக்கும். பணி காரணமாக இறந்தவர்களுக்கான உச்சத் தொகை 2,000 டாலர். 2001 செப்டம்பர் 11 முதல் 2024 வரை அது மாறவே இல்லை. அதே காலத்தில் நுகர்வோர் விலைகள் சுமார் 77 சதவீதம் ஏறின. அன்றைய 2,000 டாலரின் வாங்கும் திறனைக் காக்க 2024இல் 3,540 டாலர் வேண்டும். பணியால் உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்கு இந்த இடைவெளி நியாயமில்லை.

கலசத்தோடு சேர்த்துக் கொடிப்பெட்டி வாங்குவோரும் உண்டு. அடக்கத்துக்கு அரசு தரும் கொடி 5 × 9.5 அடி, அதாவது 47.5 சதுர அடி. கடைகளில் 3 × 5 அடிக் கொடிக்கான பெட்டிகளும் இருக்கின்றன. அந்தக் கொடியின் பரப்பு 15 சதுர அடி, அரசுக் கொடியில் 32 சதவீதம். ஒரு வீரருக்கு ஒரு கொடிதான். தொலைந்தால் அரசு மறுகொடி தராது. ஆகவே கொடியின் அளவைச் சொல்லியே பெட்டி கேட்க வேண்டும்.