பல்நீர்க்கட்டிச் சிறுநீரக நோயின் போக்கை அளத்தல்

பெற்றோருள் ஒருவருக்குப் பல்நீர்க்கட்டிச் சிறுநீரக நோய் இருப்பின், அவர்தம் மக்கள் ஒவ்வொருவருக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. பெரும்பாலோரிடம் 16ஆம் குரோமோசோமிலுள்ள மரபணு ஒன்று பழுதுற்றிருக்கும். சிலரிடம் 4ஆம் குரோமோசோமிலுள்ளது. பின்னவர்க்கு நோய் பொதுவாக மெதுவாகவே முற்றுகிறது.

சிறுநீரகத்தின் திறனை அறிய இரத்தத்திலுள்ள கிரியேட்டினின் அளவைச் சோதிப்பது வழக்கம். இந்நோயிலோ அச்சோதனை நெடுங்காலம் ஏமாற்றிவிடும். நீர்க்கட்டிகள் பெருகி நல்ல திசுவை நெருக்கி அழித்துவரினும், எஞ்சிய வடிகட்டிகள் தம் பங்கிற்கு மேல் உழைத்துக் குறையை மறைத்துவிடுகின்றன. கிரியேட்டினின் உயரத் தொடங்கும்போது கேடு வெகுதூரம் சென்றிருக்கும்.

ஆகவே ஆராய்ச்சியாளர் சிறுநீரகத்தின் பருமனையே அளக்கத் தலைப்பட்டனர். அமெரிக்காவில் 232 நோயாளிகளை மூன்றாண்டுகள் காந்த ஒத்ததிர்வுப் படங்களால் ஆராய்ந்து, 2006ல் முடிவு வெளியிட்டனர். பருமன் ஆண்டுக்குச் சராசரி 5 சதவீதம் பெருகியது. சிறிய எண்ணாகத் தோன்றினும் இது கூட்டுவட்டி போன்றது; ஏறத்தாழ 14 ஆண்டுகளில் இருமடங்காகிவிடும்.

பருமன் மட்டும் போதாது. ஒரே பருமன் அறுபது வயதினரிடம் காணப்பட்டால் நோய் மெதுவானது. முப்பது வயதினரிடமாயின் விரைவானது. அமெரிக்க மேயோ மருத்துவ நிலையத்தார் 2014ல் பருமனை உயரத்தோடும் வயதோடும் ஒப்பிட்டு நோயாளிகளை ஐந்து வகுப்புகளாகப் பிரித்தனர். நோயை மந்தப்படுத்தும் டோல்வாப்டன் என்னும் மருந்து அடிக்கடி சிறுநீர் கழிக்கச் செய்வது, சிலருக்குக் கல்லீரலையும் தாக்குவது. ஆதலின் நோய் விரைந்து முற்றக்கூடியவரைத் தேர்ந்தே அதனை அளிக்கின்றனர்.