கான்ஃபிக் ஃபைலுக்குள் இன்னொரு ஃபைலின் பெயரை எழுதினால், அந்த ஃபைலை ஸ்பிரிங் பூட் எங்கே தேடும்?

ஜாவா ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட்டில் ஒரு கான்ஃபிக் ஃபைலுக்குள் இன்னொன்றை இழுத்துக்கொள்ள 'ஸ்பிரிங்.கான்ஃபிக்.இம்போர்ட்' என்ற ஒரு வரி போதும். 2020-இல் வந்த 2.4 பதிப்பில் அறிமுகமான வசதி இது.

சிக்கல் பாதையில்தான். '/ஆப்/அப்ளிகேஷன்.பிராப்பர்டீஸ்' என்ற ஃபைலின் இம்போர்ட் வரியில் வெறுமனே 'கோர்/டிபி.பிராப்பர்டீஸ்' என்று எழுதினால், எழுதிய ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலிருந்தே தேடல் தொடங்கும், '/ஆப்/கோர்/டிபி.பிராப்பர்டீஸ்' கிடைக்கும். அதே பாதையின் முன்னால் 'ஃபைல்:./' சேர்த்துப் பாருங்கள், கதையே மாறிவிடும். இப்போது கணக்கு, புரோகிராம் எந்த ஃபோல்டரில் நின்று ஓடுகிறதோ அங்கிருந்து. ஐடிஇ-யில் அது பெரும்பாலும் புராஜெக்ட் ஃபோல்டர்; எல்லாம் ஒழுங்காக ஓடும். லினக்ஸ் சர்வரில் சிஸ்டம்டி சர்வீஸாக ஏற்றும்போது 'வொர்க்கிங் டைரக்டரி' குறிப்பிடாமல் விட்டால் அது ரூட், அதாவது வெறும் '/'. ஃபைல் அங்கே இருக்காது, அப்ளிகேஷன் கிளம்பாது. "என் மெஷினில் ஓடியதே!" என்ற புலம்பலில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

பாதையின் முன்னால் 'ஆப்ஷனல்:' போட்டால் ஃபைல் இல்லாவிட்டாலும் ஸ்பிரிங் கண்டுகொள்ளாது. வசதிதான்; ஆனால் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் ஃபைலுக்கு இதைப் போடுவது வம்பை விலைக்கு வாங்குவது.

இன்னொன்று: ஒரே அமைப்பு இரண்டு ஃபைலிலும் இருந்தால், இழுத்து வரப்பட்டதில் உள்ள மதிப்பே செல்லும். இம்போர்ட் வரியை மேலே எழுதினாலும் கீழே எழுதினாலும் இதில் மாற்றமில்லை.