கல்யாண வீடியோவில் பிஸ்மி பிய்ந்தது ஏன்?

சில மாதங்களுக்கு முன் தெரிந்த ஒரு வீட்டில் வலீமா வீடியோ பார்க்க எல்லோரும் கூடியிருந்தார்கள். போன என்னையும் இருத்திவிட்டார்கள். திரையில் பொன்துகள்கள் பறந்தன. அவற்றின் நடுவே ஒவ்வோர் எழுத்தாகச் சுழன்று வந்து ஒரு வரி நின்றது. வீட்டார் “மாஷா அல்லாஹ்” என்றார்கள். மணமகளின் மூத்தம்மா மட்டும் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “இதென்ன மௌலவி, பிஸ்மிய ஒவ்வொண்டாப் பிச்சி வெச்சிரிக்கி?” என்று கேட்டார்.

உற்றுப் பார்த்தேன். உண்மைதான். பே தனியாக, ஸீன் தனியாக, மீம் தனியாக, அதுவும் இடமிருந்து வலமாக! அல்லாஹ்வின் திருநாமம் நான்கு துண்டுகளாக, வரிசை மாறி நின்றது. வீடியோ செய்து கொடுத்தவர் ஓதத் தெரியாதவர். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்கு முன் எத்தனையோ உறவினர் அதைப் பார்த்திருந்தும், மூத்தம்மாவைத் தவிர ஒருவர் கண்ணிலும் அது படவில்லையே என்பதுதான் எனக்குக் கவலையாயிருந்தது.

நிழற்படம், வீடியோ பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை இங்கு நான் எடுக்கவில்லை. எடுத்துவிட்ட வீடியோவின் தலையில் வைக்கும் எழுத்தைப் பற்றியே பேச்சு.

முன்பு ரிஜிபோமில் வெட்டி ஒட்டிய எழுத்தைக் கெமராவால் பிடித்துத் தலைப்பாக்குவார்கள். இன்று அதற்கு டெம்பிளேட் என்று ஒன்று கிடைக்கிறது. அச்சுப் பலகாரம் சுடும் அச்சைப் போன்றது அது. எழுத்து எங்கிருந்து வரவேண்டும், எப்படி மினுங்க வேண்டும், எத்தனை வினாடியில் மறைய வேண்டும் என்பதையெல்லாம் யாரோ முன்கூட்டியே செய்து வைத்திருப்பார்கள். நாம் பெயரையும் திகதியையும் மாற்றினால் போதும். 1993இல் வெளிவந்த ஆப்டர் எபெக்ட்ஸ் என்னும் மென்பொருளில் இவை பெருமளவில் செய்யப்படுகின்றன. கைத்தொலைபேசியிலுள்ள கெப்கட் போன்ற செயலிகளிலும் இவை குவிந்து கிடக்கின்றன. ஆனால் இந்த அச்சுகளில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்துக்கென வார்க்கப்பட்டவை. நமது மாவை அதில் ஊற்றும்போதுதான் சிக்கல் வருகிறது.

குர்ஆன் மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு முதலில் தனியெழுத்து, பிறகு கூட்டெழுத்து என்று படிப்பிக்கிறோம் அல்லவா? அரபு எழுத்து சொல்லின் முதலில் ஒரு வடிவம், நடுவில் ஒரு வடிவம், கடைசியில் ஒரு வடிவம் எடுக்கும். அலிஃப், தால், தால் (புள்ளியுள்ளது), ரே, ஸே, வாவ் ஆகிய ஆறு எழுத்துகள் மட்டுமே தமக்கு அடுத்த எழுத்தோடு சேராதவை. ஆங்கிலத்துக்கென அமைத்த எழுத்து இயந்திரத்துக்குத் தனியெழுத்து மட்டுமே தெரியும். அது கூட்டெழுத்துப் பாடத்துக்கு வராத பிள்ளை! ஆப்டர் எபெக்ட்ஸின் பல பதிப்புகளில், அமைப்புப் பகுதியில் தெற்காசிய, மத்திய கிழக்கு எழுத்துகளுக்கென ஒரு தெரிவு உண்டு. அதைத் தெரிந்துவிட்டு எழுத்தை மீண்டும் இட்டால், பிரிந்து நின்றவை கைகோத்துக்கொள்ளும்.

நின்ற நிலையில் எழுத்து சரியாக இருந்தும், அசையும்போது பிய்வது இன்னொரு கோளாறு. டெம்பிளேட்டின் அசைவு எழுத்து வாரியாக அமைந்திருப்பதே அதற்குக் காரணம். தமிழும் இதற்குத் தப்பாது. ‘மௌலவி’ என்று எழுதினால் முன்னால் நிற்கும் கொம்பு ஒரு பக்கமிருந்தும், ‘ம’ மறுபக்கமிருந்தும் வரலாம். ‘நிகாஹ்’ வந்து நின்ற பிறகு அதன் புள்ளி மட்டும் பிந்திவந்த விருந்தாளி போலப் பறந்து வரலாம். அசைவைச் சொல் வாரியாக, அல்லது முழு வரியாக மாற்றிவிட்டால் இது தீர்ந்துவிடும். தொலைபேசிச் செயலியில் அந்த வசதி இல்லாவிட்டால், முழு வரியும் மெல்லத் தெளிந்து வரும் அசைவைத் தெரிந்துகொள்ளுங்கள். அல்லாஹ்வின் பெயர் துள்ளுவதையும், முடிவில் தூள்தூளாகச் சிதறி மறைவதையும் விட, அமைதியாகத் தோன்றி அமைதியாக மறைவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

நான் அதிகம் காணும் தவறு மூன்றாவது ஒன்று. பல டெம்பிளேட்டுகளில் ஒரு மறைப்பு இடமிருந்து வலமாக விலக, எழுத்து வெளிப்படும். ஆங்கிலத்துக்கு அது சரி. நிகாஹ் வீடியோக்களில் வழக்கமாக இடும் ஸூரத்துர் ரூமின் 21ஆம் வசனத்தை அதில் இட்டால், வசனத்தின் கடைசிச் சொல் முதலில் தோன்றி, ஆரம்பம் கடைசியில் வரும்! மறைப்பின் தொடக்கத்தை வலப்பக்கத்துக்கு மாற்ற வேண்டும். அந்த மறைப்பின் உயரமும் ஆங்கிலப் பெரிய எழுத்தளவுக்கே இருக்கும். மேலே ஸபரும் பேஷும், கீழே ஸேரும் வெட்டுப்பட்டுப் போகும். ‘கூ’வின் வாலும் அப்படித்தான். உயரத்தைக் கூட்டிவிடுங்கள்.

குர்ஆன் வசனத்தைப் பொறுத்தவரை என் ஆலோசனை, தட்டச்சுச் செய்யவே வேண்டாம் என்பதுதான். நம்பகமான முஸ்ஹபிலிருந்து எடுத்த வசனத்தை, பின்னணி இல்லாத ஒரே படமாக இட்டுவிட்டால் எந்த மென்பொருளாலும் அதைப் பிரிக்க இயலாது. பிஸ்மிக்கு இன்னொரு வழியும் உண்டு. யூனிகோட் முறையில் முழு பிஸ்மிக்கும் ஒரே குறியாக ஓர் இடம் 2003இல் ஒதுக்கப்பட்டது. நபியவர்களின் பெயருக்குப் பின் வரும் ஸலவாத்துக்கும் அவ்வாறே ஒற்றைக் குறி உண்டு. எழுத்துருவில் அது இருந்தால், எப்படி ஆட்டினாலும் பிரியாது.

தமிழுக்கு நம் நாட்டில் பாமினி எழுத்துருவில் பழகியவர்கள் நிறையப் பேர். பாமினியில் ‘அ’ வேண்டுமென்றால் ஆங்கில ‘எம்’ எழுத்தை அழுத்துகிறோம். டெம்பிளேட் தன் எழுத்துருவை மாற்றிக்கொண்டால் அந்த ‘எம்’ ஆங்கிலமாகவே வந்து நிற்கும். மணமகனின் வாப்பா பெயர் இப்படிப் புரியாத ஆங்கிலமாகிப்போன ஒரு வீடியோவையும் பார்த்திருக்கிறேன். யூனிகோட்டில் எழுதி, தமிழ் உள்ள எழுத்துருவையே தெரிய வேண்டும். தமிழ்ப் பெயர்கள் நீளமாதலால் வரிக்குள் அடங்காது. அதற்காக எழுத்தை ஒடுக்காமல் இரண்டு வரியாக்குங்கள்.

டெம்பிளேட்டோடு ஒட்டிவரும் இசைக்குத் தனி அடுக்கு இருக்கும். அதை நிறுத்திவிடலாம். மாதிரிக்கு இட்டிருந்த பெயர், திகதி எங்காவது மிஞ்சியிருக்கிறதா என்றும் தேடுங்கள்.

இவ்வளவையும் சகோதரிகளுக்கு ஏன் எழுதுகிறேன்? பெண்கள் பக்கத்தில் எடுத்த காட்சிகள், தலைப்பு இடுவதற்காக மட்டுமே கடையில் நாள்கணக்கில் கிடப்பதை அறிவேன். அந்நியர் யார் யார் அவற்றைத் திறந்து பார்த்தார்களோ! தொலைபேசியில் பிள்ளைகள் பொழுதுபோக்காகச் செய்யும் வேலைதானே இது. வீட்டுப் பெண் ஒருத்தி பழகிக்கொண்டால், அந்தக் காட்சிகள் வாசலைத் தாண்ட வேண்டியதில்லை.

அந்த வீட்டில் அதுதான் நடந்தது. மணமகளின் தங்கை இரண்டு மாலைப்பொழுதில் தலைப்பைப் புதிதாகச் செய்துவிட்டாள். ஒரு முறை தவறி எல்லாம் பெட்டி பெட்டியாக வந்ததாம். பிரதி எடுத்து வைத்திருந்ததால் தப்பினாள். பிறகு தலைப்பை மட்டும் பதிந்து, தொலைக்காட்சியில் போட்டு, ரிமோட்டால் இடையிடையே நிறுத்தி, மூத்தம்மாவை எழுத்தெழுத்தாக ஓதச் சொன்னாள். அவர் ஓதிப் பார்த்துவிட்டு, “எழுத்தெல்லாம் செரி மகள், நான் ரஹீம் எண்டு முடிக்கக்குள்ள அது போயிடுது” என்றார். மூன்று வினாடியாக இருந்ததை அவள் எட்டாக்கினாள்.