அன்னை அணிந்த கைக்கடிகாரம்

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும், மேல்கரையைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் வழங்கினர். கதிரவன் எழுதலும் படுதலுமே அவர்க்குப் பொழுது காட்டின. நாளொன்றை அறுபது நாழிகையாகப் பகுத்த அம்மக்களுக்கு நிமிடக் கணக்குப் பெரிதாக வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூட மணி வந்த பின்னரோ அது இன்றியமையாததாயிற்று.

எம் அன்னையார் படுவான்கரைப் பள்ளியொன்றில் ஆசிரியை. மண்முனைத்துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை, அங்கே வாவியைக் கடக்கப் 'பாதை'யே துணை. அது துறையை நீங்கிவிட்டால் முதற்பாடம் தவறிப்போகும். ஆதலின் விடியலில் எழுந்ததும் தம் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது அவர் வழக்கம். அது பெங்களூரில் ஆக்கப்பட்ட 'சுஜாதா'. இந்தியா சென்ற மாமா வாங்கி வந்தது.

கைக்கடிகாரம் முதலில் மகளிர் அணியாகவே பிறந்தது என்பதை மாணவர் பலர் அறியார். 1810இல் பாரிசு நகரத்துப் பிரெகே என்னும் வினைஞர் நேப்பிள்ஸ் அரசிக்காக ஒன்றைச் செய்யத் தொடங்கினார். ஆடவரோ நெடுங்காலம் சட்டைப்பைக் கடிகாரத்தையே விரும்பினர். 1914இல் மூண்ட உலகப்போரில், பையைத் துழாவ நேரமில்லாத போர்வீரர்கள் அதனைக் கையிற் கட்டிக்கொண்டனர். பின்னரே அது இருபாலார்க்கும் பொதுவாயிற்று.

இந்திய அரசின் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானியச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையுடன் 1961இல் பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலை கண்டது. ஆடவர்க்கு 'ஜனதா', மகளிர்க்கு 'சுஜாதா' என அதன் கடிகாரங்கள் நடுத்தரக் குடும்பங்களிற் புகுந்தன. முறுக்கிய உருக்குச் சுருள் மெல்ல விரிய, பற்சில்லுகள் சுழல்கின்றன. சமநிலைச் சில்லு அவ்வேகத்தை அளந்து விடுகின்றது. இத்தகைய கடிகாரங்கள் பலவற்றில் அது மணிக்கு 18,000 முறை அசையும். உள்ளே பதித்த மாணிக்கக் கற்கள் அழகுக்கல்ல, அச்சுமுனைகள் தேயாதிருக்கவே. அவையும் செயற்கைக் கற்களே.

1969இல் ஜப்பானில் குவார்ட்சுக் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தது. டாட்டா குழுமமும் தமிழ்நாட்டுத் தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984இல் டைட்டன் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. ஓசூர்த் தொழிற்சாலையின் குவார்ட்சுக் கடிகாரங்கள் சந்தையைக் கைப்பற்றின. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016இல் முடிவாயிற்று.

நிற்க. அன்னையார் மறைந்தபின் அவர் கடிகாரத்தைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினோம். ஆறு ஆண்டு கழித்து எடுத்தபோது அது ஓடவில்லை. நகரிலே முதியவர் ஒருவரிடம் கொடுத்தோம். கண்ணிலே வில்லையை இடுக்கிப் பார்த்தவர், "மணிக்கூட்டிலே பழுதில்லை, சேர். பாவிக்காமல் வைத்ததுதான் பழுது. எண்ணெய் காய்ந்துபோச்சு" என்றார். நாம் போற்றியதாக எண்ணியது புறக்கணிப்பே என்று அப்போதுதான் உணர்ந்தோம்.

துப்புரவாக்கித் தந்தபோது, தொழில் பழக யாரும் வருவதுண்டா என வினவினோம். அவர் தம் பக்கத்திலிருந்த வெறுங்கதிரையைக் காட்டினார்.

இப்போது எம் மகள் அதனை அணிகின்றாள். நாடோறும் ஒரே வேளையில், இறுக்கம் தெரியும்வரை மட்டும் முறுக்குமாறு அம்முதியவர் கற்பித்திருக்கின்றார். மண்முனையில் இன்று பாதைக்காகக் காத்திருப்பாரில்லை. எனினும் விடியலில் அச்சாவியின் மெல்லொலி எம் வீட்டிலே மீண்டும் கேட்கின்றது. அடுத்த விடுமுறையில் அந்தக் கதிரையில் அமர்ந்து பார்க்கலாமா என்றும் அவள் கேட்டிருக்கின்றாள்.